இரவில் பல் கடிப்பது: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது பற்றிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்கள் கேட்கிறபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இது நோயா? பயப்பட வேண்டுமா?

பெரும்பாலானவர்கள் பயப்படத் தேவையில்லை. தாடைத் தசைகள் தூக்கத்திலும் அவ்வப்போது அசைவது எல்லோருக்கும் உள்ளதுதான். சிலருக்கு அது அடிக்கடியும் பலமாகவும் நடக்கிறது. வளர்ந்தவர்களில் 100 பேருக்கு 8 பேர் அளவில் இந்தப் பழக்கம் இருப்பதாகக் கணக்கு. வயது போகப் போகக் குறைந்துவிடும். வேறு குறையில்லாத ஒருவருக்கு இதை நோயென்று சொல்லத் தேவையில்லை, ஒரு பழக்கமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2018இல் பல நாட்டு நிபுணர்களும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

கடிக்கிறீர்களா என்பதைவிட, கடித்து எதையாவது கெடுத்துக்கொள்கிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பல் உடைகிறதா, தாடை நோகிறதா, தூக்கம் கெடுகிறதா? மூன்றும் இல்லையென்றால் வழக்கமாகப் பல்லைக் காட்டும்போது இதையும் சொல்லிவைத்தால் போதும்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில்தான் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

கடிப்பவருக்கு அனேகமாகத் தெரியாது. ஒரே காம்பராவில் (அறையில்) நாலைந்து பேர் படுக்கும் வீட்டில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் ஏறாத பழைய லயமென்றால் (தோட்டத்து வரிசை வீடு) அடுத்த வீட்டு அக்காவே காலையில் வந்து கேட்டுவிடுவார். ஆனால் சத்தமே வராமல் பல்லை இறுக்கிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாட்சி உடம்புதான்.

வெளிச்சமான இடத்தில் கண்ணாடியை எடுத்து வாயைத் திறந்து பாருங்கள். முன்பல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் வேட்டைப்பல்லின் நுனி கூராக இருக்க வேண்டும். அது சப்பையாகத் தேய்ந்திருந்தால் கீழ்த்தாடையை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். மேல் வேட்டைப்பல்லின் தேய்ந்த முகமும் கீழ்ப்பல்லின் தேய்ந்த முகமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பொருந்தினால், அந்த இரண்டும் எப்போதோ உரசியிருக்கின்றன. கன்னத்தின் உள்பக்கம் பற்கள் சந்திக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடலாம். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அலை அலையான தடம் இருக்கலாம். இரண்டு கன்னத்திலும் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் காதுக்கு முன்னால் கீழே ஒரு தசை திரண்டு எழும்பும். கடிப்பவர்களுக்கு அது தடித்து, முகமே கொஞ்சம் சதுரமாகத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தேய்ந்த பல் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். பத்து வருடத்துக்கு முன்னால் கடித்து, இப்போது விட்டிருந்தாலும் பல் அப்படியேதான் இருக்கும். இப்போதும் நடக்கிறதா என்று தெரிய, எழும்பும்போது தாடை விறைத்திருக்கிறதா, நெற்றிப்பொட்டில் மந்தமான வலி இருந்து பத்து மணிக்குள் போய்விடுகிறதா என்று பாருங்கள். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து இரவில் சத்தத்தைப் பதிவுசெய்வதும் உதவும். டொக்டருக்கு வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாததை அது சொல்லிவிடும்.

எதனால் வருகிறது?

தூக்கம் ஒரே ஆழத்தில் ஓடுவதில்லை. இரவில் பலமுறை மூளை சில விநாடிகள் மட்டும் மேலே வந்து மறுபடி ஆழத்துக்குப் போகும். அப்போது நாம் விழிப்பதில்லை, ஆனால் இதயத் துடிப்பு கூடும், தசைகள் அசையும். பல் கடிப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில், இலேசான தூக்கத்தில்தான் நடக்கிறது. ஆகவே தூக்கத்தைக் கலைக்கும் எதுவும் கடிப்பதைக் கூட்டும்: மனக்கவலை, பின்னேரத்துத் தேத்தண்ணி, சாராயம், சிகரட், மூக்கடைப்பு, குறட்டை, நெஞ்செரிச்சல், சில மருந்துகள். மழை இறங்கும் இரவில் மேட்டில் இருக்கும் மண் எப்போது சரியுமோ என்று அரைத் தூக்கத்தில் கிடப்பவர் மறுநாள் தாடையைப் பிடித்துக்கொண்டு எழும்பினால் ஆச்சரியமில்லை.

பரம்பரையும் ஒரு காரணம். அப்பாவோ அம்மாவோ கடித்திருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல்.

பல் வரிசை கோணலாக இருப்பதுதான் காரணம் என்று ஒரு காலத்தில் பல் வைத்தியர்களே நம்பினார்கள். இப்போது அப்படிக் கருதுவதில்லை.

வயிற்றில் பூச்சி இருந்தால்தானே பிள்ளைகள் பல்லைக் கடிக்கும்?

மலையகத்தில் முதல் கேள்வியே இதுதான். பூச்சிதான் காரணம் என்று காட்ட உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சியே இல்லாத பிள்ளைகளும் கடிக்கின்றன. பூச்சி மருந்து குடித்த பிறகும் கடிக்கின்றன. ஆசனவாயில் இரவில் அரிப்பை உண்டாக்கும் சின்ன வெள்ளைப் பூச்சி இருந்தால் தூக்கம் கெடும், அந்த வழியில் கொஞ்சம் தொடர்பு இருக்கலாம். அவ்வளவுதான்.

இதைக் கேட்டுவிட்டுப் பாடசாலையில் கொடுக்கும் பூச்சி மாத்திரையை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்கும் பிள்ளைக்குக் கொழுக்கிப்புழு வந்தால் இரத்தம் குறையும், உடம்பு வளராது, படிப்பில் மனம் போகாது. அந்த மாத்திரை அதற்காக. ஆனால் பல் கடிக்கிறதே என்று மாதா மாதம் ஃபார்மசியில் வாங்கிக் கொடுப்பது வீண்.

அப்படியானால் பிள்ளைக்கு என்ன செய்வது? சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது.

பால்பல் இருக்கும் வயதில் கடிப்பது மிகச் சாதாரணம். நிலைத்த பற்கள் முளைத்து முடியும் வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தானாக விட்டுவிடும். பால்பல் கொஞ்சம் தேய்ந்தாலும் அது விழப்போகிற பல். சத்தம் பயங்கரமாக இருக்கும் அளவுக்குச் சேதம் இருப்பதில்லை. எழுப்பி விடாதீர்கள், திட்டாதீர்கள், வாயில் துணியை வைக்காதீர்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், இரவில் பல்லின் மேல் மாட்டும் பல் கவசமும் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா, இடையில் மூச்சு நின்று திடுக்கென்று இழுக்கிறதா? டொன்சில் வீங்கியிருக்கலாம், மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் எந்நேரமும் மூக்கு ஒழுகும் பிள்ளைகளிடம் இது சாதாரண சளி என்று விடப்பட்டுவிடும். விறகுப் புகை நிற்கும் காம்பராவில் தூங்கும் பிள்ளையென்றால் அந்தப் புகையையும் யோசியுங்கள். இப்படிப்பட்ட பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சு சரியானதும் பல் கடிப்பதும் குறைந்துபோவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது இந்தக் கேள்வி கூடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். காலையில் பாடசாலை, பின்னேரம் டியூசன், இரவு வினாத்தாள் என்று ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் மருந்து நேரத்துக்குப் படுக்கவிடுவதுதான். பல்லைப் பார்க்க, பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே காட்டலாம். 13 வயது வரைக்கும் பார்ப்பார்கள், காசு கிடையாது.

தேத்தண்ணியை விட வேண்டுமா?

தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது, தேவையும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். தேயிலையில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். இரவு எட்டு மணிக்குக் குடித்த கடுஞ்சாயத்தில் பாதி நள்ளிரவு தாண்டியும் உடம்பில் இருக்கிறது. பின்னேரம் மூன்று, நான்கு மணியோடு நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் கொத்தமல்லித் தண்ணி, இஞ்சித் தண்ணி, வெறும் சுடுதண்ணி குடிக்கலாம்.

சாராயம் தூக்கத்தைக் கொடுக்கும் என்பது பாதி உண்மை. சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், பிறகு இரவின் பிற்பாதியைத் துண்டு துண்டாக்கும். குடித்த இரவில் கடிப்பதும் குறட்டையும் கூடுவதைப் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டால் சொல்வார். சிகரட் பிடிப்பவர்களிடமும் இந்தப் பழக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது.

நான் வெற்றிலை போடுகிறவள். அதனால்தான் தாடை வலிக்கிறதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பல் கடிப்பதென்று நினைத்து வேறொன்றைத் தவறவிடும் ஆபத்து இருக்கிறது.

மலைக்குப் போகும்போது ஒரு வாய், கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும்போது ஒரு வாய், சாப்பிட்ட பிறகு ஒரு வாய் என்று நாள் முழுக்க மெல்லும் தாடைத் தசைக்கு இரவில்தான் ஓய்வு. அதே தசை இரவிலும் இறுகினால் வலிக்கத்தான் செய்யும். பாக்கின் கடினமும் அதிலுள்ள துகளும் கடைவாய்ப்பல்லைச் சப்பையாகத் தேய்த்துவிடும். அதனால் வெற்றிலை போடுபவரின் பல்லைப் பார்த்து இரவில் கடிக்கிறார் என்று உடனே முடிவுகட்ட முடியாது. பாக்கு உடம்பை உசுப்பும் பொருள். புகையிலையும் சேர்ந்தால் இன்னும் மோசம். தூங்கப் போகும் முன் போடும் வெற்றிலையை முதலில் விடுங்கள்.

அப்புறம் முக்கியமானது. உங்கள் கையின் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டவைத்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் நெட்டாக நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். பல் கடிப்பவருக்குத் தசை இறுகி வாய் கொஞ்சம் குறைவாகத் திறக்கலாம், ஆனால் சில நாளில் சரியாகிவிடும். வெற்றிலை பாக்கு போடுபவருக்கு வாய் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு வந்தால், கொச்சிக்காய் பட்டாலே வாய் எரிந்தால், கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துத் தோல்பட்டை மாதிரி விறைத்திருந்தால், அது பல் கடிப்பதால் வந்ததல்ல. பாக்கு வாயின் உள்சதையை நார் நாராக இறுக்கும் நோய் அது, பின்னால் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், வலி இல்லையே என்று இருந்துவிடாமல் அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள்.

நைட் கார்ட் என்று சொல்கிறார்களே, அது என்ன? கடிப்பதை நிறுத்துமா?

இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் பல் கவசம் அது. கடிப்பதை நிறுத்தாது. பல்லும் பல்லும் உரசாமல் நடுவில் இருந்து, தேய்வதைத் தான் வாங்கிக்கொள்ளும். சில மாதம் போட்ட கவசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கீறலும் பள்ளமும் தெரியும். அதெல்லாம் உங்கள் பல்லில் விழுந்திருக்க வேண்டியவை. சிலருக்குப் போட்ட முதல் வாரங்களில் கடிப்பதும் குறையும், பிறகு பழையபடி வந்துவிடும். அதைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று கழற்றி வைத்துவிடாதீர்கள்.

நல்ல கவசம் உங்கள் வாய்க்கென்றே செய்யப்படும். மாவு மாதிரி ஒரு பொருளை வாயில் வைத்து அச்செடுப்பார்கள், சிலருக்கு அப்போது ஓங்கரிக்கும். மூக்கால் மூச்சுவிட்டு, தலையை முன்னால் சாய்த்தால் சமாளிக்கலாம். அச்சிலிருந்து மாதிரி வார்த்து, கண்ணாடி போலக் கடினமான பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் மேல் வரிசைக்குக் கவசம் செய்வார்கள். மாட்டிப் பார்க்கும் நாளில் கலர் தாளைக் கடிக்கச் சொல்லி, அதிகமாக அழுந்தும் இடத்தை ராவிச் சரிசெய்வார்கள். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். எல்லாப் பல்லும் ஒரே அளவில் தட்ட வேண்டும். முழு வரிசையையும் மூடாத சின்னக் கவசத்தை வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் பல் இடம் மாறிவிடலாம்.

முதல் சில இரவு எச்சில் ஊறும், காலையில் தேடினால் தலையணைக்கடியில் கிடக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும்.

எங்கே செய்வது? தனியார் பல் வைத்தியர்கள் செய்கிறார்கள், விலை இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே கேளுங்கள். அரசாங்கத்தில் என்றால் முதலில் பக்கத்து வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து ரயிலில் போனால் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். ஒரே பயணத்தில் முடியும் என்று நினைத்துப் போகாதீர்கள். அச்செடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள், சரிபார்க்க ஒரு நாள் என்று அழைப்பார்கள். நாள் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போவதுதான். அதனால் முதல் நாளே எத்தனை முறை வர வேண்டும், எந்தக் கிழமை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சுடுதண்ணியில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் கவசம் இணையத்தில் மலிவாக இருக்கிறதே?

தற்காலிகமாக, சில வாரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அது மென்மையானது. சிலர் அதை மெல்லத் தொடங்கி இன்னும் கூடுதலாகக் கடிக்கிறார்கள், பலமாகக் கடிப்பவர் சீக்கிரம் துளைத்தும் விடுவார். பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்று ஒரு மாணவர் என்னிடம் கணக்குக் காட்டினார். கணக்கு சரிதான், அந்தச் சூடே தாராளம்.

கவசத்தை எப்படிக் கழுவுவது?

காலையில் கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் பிரஷ், கொஞ்சம் சவர்க்காரம். சுடுதண்ணி கூடாது, நெளிந்துவிடும். அடுப்புப் பக்கம், வெயில் விழும் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். மூடியுள்ள பெட்டியில் வையுங்கள், எச்சில் வாசத்துக்கு நாய் தூக்கிக்கொண்டு போய்க் கடித்துவிடும்.

கோணல் பல்லை ராவிவிட்டால், அல்லது கழற்றிவிட்டால் நின்றுவிடுமா?

நிற்காது. ராவிய பல் திரும்பி வராது. பல் கடிப்பதை நிறுத்துவதற்காக மட்டும் யாராவது நல்ல பல்லை ராவவோ கழற்றவோ சொன்னால் இன்னொரு வைத்தியரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரு பல்லும் இல்லாத தாத்தாக்களும் தூக்கத்தில் ஈறை இறுக்குகிறார்கள்.

வீட்டுக்காரர் குறட்டையும் விடுகிறார், பல்லையும் கடிக்கிறார். எதை முதலில் பார்ப்பது?

குறட்டையை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோய் உள்ளவர்களிடம் பல் கடிப்பது அதிகம். குறட்டை திடீரென்று நின்று, சில விநாடி அமைதியாக இருந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வருகிறதா? பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறாரா? பிரஷர் இருக்கிறதா, கழுத்து தடித்திருக்கிறதா? இருந்தால் வைத்தியசாலையில் சொல்லுங்கள். லொறியோ முச்சக்கரவண்டியோ ஓட்டுபவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது, மலை ரோட்டு வளைவில் ஒரு நிமிடக் கண்ணயர்வு போதும்.

மேல் பல்லுக்கு மட்டும் போடும் சாதாரணக் கவசம் இப்படிப்பட்ட சிலருக்கு மூச்சடைப்பைக் கூட்டியிருக்கிறது. அதனால் கவசத்துக்கு அச்செடுக்கும் முன்பே குறட்டை விஷயத்தைப் பல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அதுவரை பக்கவாட்டில் படுப்பதும், இரவுக் குடியை விடுவதும், எடை கூடியிருந்தால் குறைப்பதும் உதவும்.

ஒரு மாத்திரையில் தீராதா?

தீராது. இதற்கென்று நீண்ட காலம் குடிக்கக்கூடிய நல்ல மாத்திரை ஒன்றும் இல்லை. வலி அதிகமான சில நாளுக்கு மட்டும் வலி மாத்திரையோ தசையைத் தளர்த்தும் மருந்தோ டொக்டர் தரலாம். தூக்க மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடாதீர்கள். மக்னீசியம் மாத்திரை பற்றிப் பேஸ்புக்கில் நிறைய வருகிறது. அது பல் கடிப்பதை நிறுத்தும் என்று நம்பகமான ஆதாரம் இல்லை.

மாறாக, சில மாத்திரையால் கடிப்பது தொடங்கலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்சிட்டின், சேர்ட்ராலின் போன்றவை அந்த வகை. மாத்திரை தொடங்கிய வாரங்களில் தாடை இறுக ஆரம்பித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வரும் கஷ்டம் பல் கடிப்பதைவிடப் பெரியது.

கன்னத்தில் ஊசி போடுகிறார்களாமே?

பொட்டொக்ஸ் ஊசி. தசையின் பலத்தைக் குறைக்கும், மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு மறுபடி போட வேண்டும். விலை அதிகம், மெல்லும் பலமும் குறையும். மற்ற எதற்கும் அடங்காத வலிக்குத்தான் அதை யோசிக்க வேண்டும், முதல் வைத்தியமாக அல்ல.

காலையில் தாடை வலிக்கும்போது வீட்டிலேயே என்ன செய்யலாம்?

சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், பிறகு விரல் நுனியால் அந்தத் தசையை வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். வலி இருக்கும் நாளில் காய்ந்த ரொட்டி, கடலை, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். ரொட்டியென்றால் சாம்பாரிலோ பருப்பிலோ ஊறவைத்துச் சாப்பிடுங்கள். கொட்டாவி வரும்போது நாடியின் கீழ் கையைக் கொடுத்து வாய் அகலப் பிளக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வாய் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. சாப்பிடுவதையும் விழுங்குவதையும் சேர்த்தே ஒரு நாளில் பல்லும் பல்லும் படும் நேரம் மொத்தம் 20 நிமிடம் அளவுதான் இருக்க வேண்டும். பாரம் தூக்கும்போது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது, தையல் மெஷினில் குனிந்திருக்கும்போது, வரும் சம்பளத்தையும் கடனையும் மனதில் கூட்டிக் கழிக்கும்போது, பல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் ‘ன’ என்று மெதுவாகச் சொல்லி, நாக்கு தொட்ட இடத்திலேயே அதை வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் மூடுங்கள். பல் தானாக விலகி நிற்கும். கொழுந்துக் கூடையைக் கொட்டும் ஒவ்வொரு முறையும், அல்லது கைப்பேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து பழகுங்கள். காசு செலவில்லாத இந்தப் பயிற்சியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

காது வலிக்கிறது. காது டொக்டர் காதில் ஒன்றுமில்லை என்கிறார்.

தாடை மூட்டு காதுக்கு ஒட்டி முன்னால்தான் இருக்கிறது. விரலை அங்கே வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தெரியும். அங்கே அழுத்தும்போது அதே வலி வந்தால் பல் வைத்தியரைப் பாருங்கள். வலியில்லாமல் ‘டக்’கென்று சத்தம் மட்டும் வந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

தேய்ந்த பல் மறுபடி வளருமா?

வளராது. பல்லின் மேலோடு ஒருமுறை போனால் போனதுதான். கூச்சம் இருந்தால் ஃபுளோரைட் உள்ள பற்பசையை இரவில் தடவி, கொப்புளிக்காமல் துப்பிவிட்டுப் படுங்கள். உடைந்த ஓரத்தை அடைக்கலாம், அதிகம் தேய்ந்ததற்குத் தொப்பி போடலாம். ஆனால் முதலில் கவசம் வேண்டும். அது இல்லாமல் அடைத்தால் அடைத்ததும் சேர்ந்து உடையும்.

தேய்வதெல்லாம் கடிப்பதால் வருவதில்லை. கரியாலும் உப்பாலும் அழுத்தித் தேய்ப்பவருக்கு ஈறுக்கு ஒட்டிய இடம் குழிவிழும். நெஞ்செரிச்சலால் புளித்த தண்ணீர் அடிக்கடி மேலே வருபவருக்குப் பல்லின் உள்பக்கம் வழவழவென்று கரையும். அப்படிப்பட்டவர் கேஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்காமல் அதற்கு மருந்தெடுக்க வேண்டும்.

பல் செட் போட்டிருக்கிறேன்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள்.

மனக்கவலைதான் காரணம் என்கிறார்கள். கவலையை எப்படி விடுவது?

விடு என்று சொன்னால் விட்டுவிடக்கூடிய கவலைகள் இங்கே யாருக்கும் இல்லை. ஆனால் படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றலாம். கடன் கணக்கு, பிள்ளைகளோடு சண்டை, செய்தி, கைப்பேசி எல்லாவற்றையும் அதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது பல்லைத் தாண்டிய விஷயம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கும் போகலாம்.

எப்போது ஓட வேண்டும்?

மேடு ஏறும்போதோ பாரம் தூக்கும்போதோ தாடை வலித்து, நின்றால் குறைந்தால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தாடை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், கை வலி சேர்ந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். பல்லென்று நினைத்து வீட்டில் கிராம்பு வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

வாய் திறந்தபடி மூட முடியாமல் மாட்டிக்கொண்டாலும், முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். கடித்தால் மின்னல் வெட்டுவது போலக் குத்தும் பல்லில் வெடிப்பு இருக்கலாம். அதைச் சில நாளுக்குள் காட்டினால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

கிளினிக்குப் போகும்போது என்ன கொண்டுபோவது?

குடிக்கும் எல்லா மாத்திரையின் அட்டைகளும், கிளினிக் கொப்பியும், ஏற்கனவே செய்த கவசம் இருந்தால் அதுவும். காலையில் தாடை வலித்த நாட்களைக் கலண்டரில் புள்ளி வைத்திருந்தால் அதையும் கிழிக்காமல் கொண்டுபோங்கள். சம்பள நாள், திருவிழா, இரவு வேலை என்று எதை ஒட்டி வலி கூடுகிறது என்பதை டொக்டர் அதிலிருந்தே பிடித்துவிடுவார்.